ரீஃப் தொட்டியில் சுணைப்புழு: விரட்டுவதா, வைத்துக்கொள்வதா?

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு என் ரீஃப் தொட்டியின், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின், இடது மூலையைப் பார்த்தேன். மீன்கள் தவறவிட்ட மைசிஸ் இறால் துண்டு ஒன்று பாறையடியில் கிடந்தது. பென்சில் முனை மட்டுமே நுழையும் ஒரு பொத்தலிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ நீண்டது. ஒவ்வொரு கணுவின் இருபுறமும் வெண்பஞ்சு போன்ற மயிர்க்கற்றை, வரிசையாக எழுந்து அடங்கிக்கொண்டே வந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடி, இறாலைத் தொட்டதும் அதன் வாய்க்குள்ளிருந்து மெல்லிய சதை ஒன்று வெளியே பிதுங்கி இறாலைப் பற்றியது. அடுத்த நொடி, இழுத்துவிட்ட ரப்பர் போல இறாலோடு பொத்தலுக்குள் மறைந்தது.

இந்தக் காட்சியை முதல்முறை பார்த்தவர்கள் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். "அண்ணே, தொட்டிக்குள்ள பூரான் மாதிரி ஒண்ணு ஓடுது, என்ன பண்றது?" என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மூணு நாளைக்கு எதுவும் பண்ணாதீங்க. ராத்திரியில உக்காந்து பாருங்க." அந்த மூன்று நாளில் என்ன பார்க்க வேண்டும், பார்த்தபின் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் பிரிஸ்டில் வார்ம் என்பார்கள். வெண்டைக்காயிலும் மூங்கிலிலும் இருக்கும் சுணை போலவே இதன் மயிரும் குத்தி அரிப்பதால், நான் சுணைப்புழு என்று சொல்லிப் பழகிவிட்டேன். மண்புழுவுக்கு உறவு. பாலிக்கீட்டா என்ற வகுப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குச் சத்துணவாகப் போடுவதும் இந்த வகுப்புப் புழுக்களைத்தான்.

தொட்டியில் அது செய்யும் வேலை

நம் கை போகாத இடங்களில்தான் இதன் குடித்தனம்: பாறையின் உட்பொந்து, பாறையும் மணலும் தொடும் இடுக்கு, சம்ப்பின் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) அடிமூலை. அங்கே சிக்கும் தீனி, மீன் கழிவு, செத்த நத்தை, உதிர்ந்த பாசி எல்லாவற்றையும் தின்கிறது. மணலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து மேல்மணலைப் புரட்டிக் கொடுக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். சுணைப்புழு இருந்தால் நைட்ரேட் குறையும் என்று சிலர் சொல்வார்கள். குறையாது. புழு தின்றதில் ஒரு பகுதி அதன் உடம்பாகிறது; மீதி அம்மோனியாவாகவும் கழிவாகவும் தண்ணீருக்கே திரும்புகிறது. கழிவைத் தொட்டியை விட்டு வெளியேற்றுபவை கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும், தண்ணீர் மாற்றுவதும், நாம் அறுத்தெடுக்கும் பாசியும்தான். புழு செய்யும் உதவி வேறு. ஒரே இடத்தில் கட்டியாகக் கிடந்து அழுகி, ஒரே இரவில் அம்மோனியாவை ஏற்றக்கூடிய ஒரு பிணத்தை அது துண்டுதுண்டாக்கித் தொட்டி முழுக்கப் பரப்பிவிடுகிறது. பாக்டீரியாவுக்குச் செரிக்க அவகாசம் கிடைக்கிறது. 180 லிட்டர் மாதிரிச் சிறிய தொட்டியில் அந்த அவகாசம் பெரிய விஷயம்.

படி 1: இரவில் பாருங்கள்

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு ஒளியில், மூன்று இரவு பாருங்கள். வெள்ளை டார்ச் அடித்தால் எல்லாம் பொந்துக்குள் ஓடிவிடும். எத்தனை தெரிகின்றன, எவ்வளவு நீளம், எந்த இடத்தில், எதன்மேல் வாய் வைக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பவளத்தின் மேல் ஏறிப் போவதும் பவளத்தைத் தின்பதும் வேறு வேறு. பவளம் பிடித்து வைத்திருக்கும் இறால் துண்டைத் திருட அதன்மேல் ஏறும் புழுவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுநாள் பவளத்துக்கு ஒரு கீறலும் இருக்காது.

முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அடுத்த படிக்குத் தலைப்பகுதி தெளிவாகத் தெரிய வேண்டும்.

படி 2: ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பவை யூரித்தோ காம்ப்ளனேட்டாவும் அதன் நெருங்கிய உறவுகளும். இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் கலந்த ஆரஞ்சு உடம்பு, கணுவுக்குக் கணு வெள்ளைக் கற்றை. பெரும்பாலும் சுண்டு விரல் நீளம். நன்றாகத் தின்று வளர்ந்தால் ஒரு சாண் வரும். வாயில் கடிக்கும் தாடை கிடையாது. உயிருள்ள மீனைப் பிடிக்க இதனால் முடியாது.

பயப்பட வேண்டிய உறவு தாடி நெருப்புப்புழு, ஹெர்மோடிசே கரன்குலேட்டா. பட்டையாகத் தடித்த உடல், வெள்ளைக் கற்றைகளின் பக்கத்தில் சிவந்த செவுள் கொத்துகள், தலையின் மேல் சதை மடிப்பு மடிப்பாக ஒரு கொண்டை. இது பவளம் தின்னி. கிளைப் பவளத்தின் நுனியை வாய்க்குள் வாங்கி, சதையைக் கரைத்து உறிஞ்சி, வெள்ளை எலும்பை விட்டுப் போகும். இதன் ஊர் அட்லாண்டிக்கும் கரீபியனும் மத்தியதரைக் கடலும். இந்தோனேசியா, பசிபிக் பக்கமிருந்து வந்த பாறையும் பவளமும் வைத்திருப்பவர்கள் இதைச் சந்திக்க வாய்ப்பு குறைவு. துப்புரவு செய்யும் யூரித்தோவையும் பவளத்தைத் தின்னும் இந்த ஹெர்மோடிசேயையும் 1766ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டவர் ஒரே ஆள்தான்: பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால்தான் ஒன்றின் கெட்ட பெயர் மற்றதன் தலையில் விழுகிறது.

அடுத்தது யூனிசிட் குடும்பம். சுணைக் கற்றை கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. உடல் எண்ணெய் படிந்த தண்ணீர் போல வானவில் நிறத்தில் மின்னும். தலையில் ஐந்து உணர்கொம்புகள். இவற்றுக்குத் தாடை உண்டு. சிறியவை பெரும்பாலும் பாசியும் கழிவும் தின்று காலம் தள்ளும். பெரிதாக வளர்பவைதான் சிக்கல். அவற்றில் பேர்போனது பாபிட் புழு, யூனிசே அஃப்ரோடிடோயிஸ். 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரில் உள்ள புளூ ரீஃப் அக்வேரியத்தில் பவளங்கள் அடிக்கடி சிதைந்து கிடந்தன. பாறைகளைப் பிரித்துப் பார்த்தபோது நான்கடி நீளப் புழு ஒன்று அகப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஜப்பானின் ஷிராஹாமாவில், துறைமுக மிதவை ஒன்றுக்குள் 299 செ.மீ. நீளமுள்ளது கிடைத்தது. மணலில் விரல் தடிமனில் துளை, இரவில் அதிலிருந்து நீளும் ஐந்து கொம்புத் தலை, மீன்கள் உடல்கூட மிஞ்சாமல் காணாமல் போவது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அந்தப் பாறையை வெளியே எடுத்துத் தனி வாளியில் வையுங்கள்.

இன்னும் ஒன்று, ஓனோனே ஃபுல்ஜிடா. வழவழப்பான ஆரஞ்சுக் கயிறு போல இருக்கும், சளி சுரக்கும், நத்தையையும் சிப்பியையும் கொல்லும். மயிர்க்கற்றையே தெரியாத ஆரஞ்சுப் புழு ஒன்றைப் பார்த்து, நத்தை ஓடுகள் தொடர்ந்து காலியாகிக்கொண்டும் இருந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

பாறையிலிருந்து நூல் நூலாக வெள்ளைக் கைகளை நீட்டும் ஸ்பகெட்டி புழு, குழாய்க்குள் இருந்து விசிறி விரிக்கும் ஃபெதர் டஸ்டர் எல்லாம் இதே பாலிக்கீட்டா வகுப்புதான். அவற்றைத் தொடவே வேண்டாம்.

படி 3: கொன்றதா, கிடந்ததைத் தின்றதா?

காலையில் விளக்கு எரிகிறது. கோமாளி மீன் செத்துக் கிடக்கிறது, அதன்மேல் ஏழெட்டுப் புழுக்கள். பார்த்தவுடன் கொலைகாரன் யார் என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். நானும் எழுதியிருக்கிறேன்.

என் முதல் தொட்டியில் அப்படிச் செத்தது ஒரு மஞ்சள் டாங் மீன். புழுக்கள் மேல் பயங்கரக் கோபம். பிறகு அதற்கு முந்தைய வாரம் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துடுப்பில் உப்புத் தூவியது போல் புள்ளிகள், விலாவில் வேகமான மூச்சு. வெண்புள்ளி நோய் வந்து ஐந்து நாள் ஆகியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. புழுக்கள் வந்தது கடைசியில், மீன் அசைவற்றுப் போன பிறகு.

அதனால் பிணத்தின்மேல் புழுவைக் கண்டால் இந்த வரிசையில் போங்கள். முதலில் அம்மோனியா, நைட்ரைட் சோதனை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அடுத்து உப்பு அளவும் வெப்பமும்: 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), 25 முதல் 27 டிகிரி. பிறகு அந்த மீன் கடைசி ஒரு வாரம் எப்படித் தின்றது, யார் அதைத் துரத்தினார்கள், தொட்டி மூடி திறந்திருந்ததா, நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்ப் ஓடியதா என்று நினைவுபடுத்துங்கள். நான் பார்த்தவரை காரணம் இதற்குள்ளேயே அகப்பட்டிருக்கிறது.

பவளத்துக்கும் இதே விசாரணைதான். சதை உரிந்துகொண்டிருக்கும் பவளத்தின் ஓரத்தில் புழு மேய்ந்தால், அது செத்த சதையைத் தின்கிறது. சதை ஏன் உரிகிறது என்பதற்குக் கார அளவின் ஏற்ற இறக்கத்தையும் ஒளியையும் நீரோட்டத்தையும் பாருங்கள். ஆரோக்கியமாக விரிந்திருந்த பவளத்தின் நுனி ஒரே இரவில் வெள்ளையானால், அதுவும் இரண்டாவது மூன்றாவது இரவும் தொடர்ந்தால், படி 2க்குத் திரும்பி அடையாளத்தை மறுபடி பாருங்கள்.

படி 4: தீனியைக் கணக்குப் பாருங்கள்

ஒரு தொட்டியில் எத்தனை சுணைப்புழு வாழும் என்பதை அதில் மிஞ்சும் தீனி முடிவு செய்கிறது. பகலிலேயே புழுக்கள் வெளியே திரிந்தால், தீனி போட்டவுடன் பொந்துக்குப் பொந்து தலை நீட்டினால், உங்கள் மீன்கள் தின்னக்கூடியதைவிட அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். எந்தச் சோதனைக் கருவிக்கும் முன்னால் புழு இதைச் சொல்லிவிடும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாறைமேல் இருக்கும் பாசி தின்றுகொண்டிருந்தால் சோதனையில் எண் குறைவாகத்தான் வரும். புழுக்கூட்டத்தை அப்படி மறைக்க முடியாது.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில் இருக்கும் தொட்டியில் ஐந்து மீன்கள். ஒரு காலத்தில் நாளைக்கு இரண்டு உறைந்த மைசிஸ் கட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இரவு சிவப்பு ஒளியில் எண்ணியபோது முன்கண்ணாடியில் மட்டும் நாற்பதுக்கு மேல். செய்தது இவ்வளவுதான். கட்டியை நேரே தொட்டியில் போடுவதை நிறுத்தி, டம்ளரில் தொட்டித் தண்ணீரில் கரைத்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை ஊற்றிவிட்டேன். இறாலை மட்டும் நாலைந்து தவணையாக, ஒவ்வொரு தவணையும் இரண்டு நிமிடத்துக்குள் தீரும் அளவுக்குப் போட்டேன். மீன் சாப்பிடும் நேரத்தில் சம்ப்பிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் பம்ப்பை நிறுத்தினேன். தீனி சம்ப்புக்குள் போகவில்லை. வாரம் ஒருமுறை டர்க்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாய்) பாறை இடுக்குகளில் ஊதி, கிளம்பும் தூசியைத் தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சினேன்.

இரண்டு கட்டி ஒன்றாகக் குறைந்தது. மீன்கள் இளைக்கவில்லை. இரண்டரை மாதம் கழித்து அதே கண்ணாடியில் பத்துப் பன்னிரண்டு புழுக்கள்தான். மீதிப் புழுக்களை நான் பிடிக்கவும் இல்லை, கொல்லவும் இல்லை.

அவசரப்படாதீர்கள். ஒரே நாளில் தீனியைப் பாதியாக வெட்டினால் புழுக்கள் பட்டினியில் மொத்தமாகச் சாகலாம், அந்தப் பிணச்சுமையும் தண்ணீரில்தான் சேரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள்.

படி 5: பிடித்தே ஆக வேண்டுமென்றால்

மிகப் பெரிய ஒன்று இருக்கிறது, பார்க்கவே பிடிக்கவில்லை, அல்லது அடையாளத்தில் சந்தேகம் தீரவில்லை. அப்போது பொறி வையுங்கள். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் உறிஞ்சுகுழல் நுழையும் அளவில் இரண்டு மூன்று ஓட்டை. ஓட்டைகளில் இரண்டு அங்குலக் குழல் துண்டுகளைச் செருகி, டப்பாவுக்குள் நீட்டிவிடுங்கள். உள்ளே பச்சை இறால் துண்டும், டப்பா மிதக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லும். விளக்கு அணையும்போது பாறையடியில் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். விடியும்வரை விட்டால் தின்று முடித்து வந்த வழியே போய்விடும்.

இன்னும் எளிய வழி, பழைய நைலான் காலுறைத் துண்டில் இறாலை முடிந்து வைப்பது. புழுவின் சுணை வலையில் சிக்கிக்கொள்ளும். நீண்ட இடுக்கியால் முடிச்சோடு தூக்கிவிடலாம்.

புழு தின்னும் மீனோ நண்டோ வாங்கலாமா என்று கேட்பார்கள். ஆறுகோட்டு ராஸ், அம்பு நண்டு, கோரல் பேண்டட் இறால் எல்லாம் சிறிய புழுக்களைத் தின்னும். எனக்கு உடன்பாடில்லை. ஆறுகோட்டு ராஸ் வளர வளரப் புதிதாக வரும் சாதுவான மீன்களை விரட்டி மூலையில் தள்ளும். அம்பு நண்டு பெரிதானால் தூங்கும் சிறு மீன்மேல் கை வைக்கும். கோரல் பேண்டட் இறால் மற்ற இறால்களை விட்டுவைக்காது. இவற்றை அவற்றுக்காகவே விரும்பி வளர்ப்பது வேறு. புழுவுக்காக வாங்கினால் புழுவைவிடப் பெரிய தலைவலியைக் காசு கொடுத்து வாங்கியதாகும்.

கையில் குத்திவிட்டால்

பாறையைத் தூக்கும்போதுதான் பெரும்பாலும் குத்தும். கண்ணாடி இழை போன்ற நுண்முட்கள். தோலில் ஒடிந்து நிற்கும். கம்பளிப்பூச்சி பட்ட மாதிரி சுரீரென்று எரிந்து, சிவந்து, தடிக்கும். தேய்க்காதீர்கள், தேய்த்தால் ஆழமாக இறங்கும். இடத்தை உலரவிட்டு, பசை நாடாவை ஒட்டி உரியுங்கள், நாலைந்து முறை. பிறகு வினிகரில் நனைத்த பஞ்சை வைத்தால் எனக்கு எரிச்சல் தணிந்திருக்கிறது. ஓரிரு நாள் அரிப்பு இருக்கும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், காத்திருக்க வேண்டாம்.

தொட்டிக்குள் கை விடும்போது நீளமான ரப்பர் கையுறை போடுங்கள். சுணைப்புழுவுக்காக மட்டும் சொல்லவில்லை. சோவாந்திட் என்ற பொத்தான் பவள வகைகள் சிலவற்றில் இருக்கும் பாலிடாக்சின் என்ற நஞ்சு புழுமுள்ளைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

செய்யவே கூடாதவை

புழுவை நறுக்காதீர்கள். யூரித்தோ துண்டானால் துண்டுகள் தனித்தனிப் புழுவாக வளரும். அதன் இனப்பெருக்க முறைகளில் அதுவும் ஒன்று.

தாமிர மருந்து எதையும் ரீஃப் தொட்டியில் ஊற்றாதீர்கள். புழுவோடு இறால், நத்தை, பவளம் எல்லாம் போகும், சுண்ணாம்புப் பாறை தாமிரத்தை இழுத்தும் வைத்துக்கொள்ளும். நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையான ஃபென்பெண்டசோலைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். புழு சாகும்தான். நத்தைகளும் ஃபெதர் டஸ்டர்களும் கூடவே சாகும்.

பாறையை உப்பில்லாத நல்ல தண்ணீரில் முக்குவதை நானே செய்து பட்டிருக்கிறேன். ஒரு கடையில் சொன்ன யோசனை. மூன்று பெரிய பாறைகளை வாளியில் கால் மணி நேரம் முக்கினேன். பத்திருபது புழுக்கள் நெளிந்து வெளியே விழுந்தன, வேலை முடிந்தது என்று பாறைகளைத் திரும்ப வைத்தேன். உள்ளே செத்துச் சிக்கிய புழுக்களும் கடற்பஞ்சும் கண்ணுக்குத் தெரியாத மற்ற உயிர்களும் மறுநாள் அழுக ஆரம்பித்தன. பாறையிலிருந்த நல்ல பாக்டீரியாவும் நொந்துபோயிருந்தது. இரண்டாம் நாள் மாலை தொட்டியில் முட்டை நாற்றம், அம்மோனியா சோதனைக் குப்பி பச்சை. மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் மாற்றியும் இரண்டு கிளீனர் இறால்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவை என் விரல்மேல் ஏறி நகத்தைச் சுத்தம் செய்யும் இறால்கள். இன்றும் அந்த வாளியைப் பார்த்தால் நினைவு வரும்.

காய்ந்த பாறையில் தொடங்கியவர்களுக்கு

இப்போது பலரும் உயிர் எதுவும் இல்லாத காய்ந்த பாறையில்தான் தொட்டி தொடங்குகிறார்கள். அது நல்லது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: கடலிலிருந்து உயிர்ப்பாறை, அதாவது கடலுயிர்கள் ஒட்டிய பாறை, எடுத்து வரும் எண்ணமே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளங்கள் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் அந்த இடங்கள் ஏற்கெனவே வெட்டி எடுத்துத் தேய்ந்தவை.

காய்ந்த பாறைத் தொட்டியில் ஒரு குறை உண்டு. துப்புரவுக் கூட்டமே இருக்காது. முதல் ஆண்டில் தீனி மிச்சம் அப்படியே கிடந்து பூஞ்சை பிடிப்பதையும், பழுப்புப் பாசி விடாமல் படர்வதையும் பார்க்கலாம். சில மாதங்களில் வாங்கும் பவளத் துண்டுகளின் அடிக்கட்டையோடு ஓரிரு புழு தானாக வந்து சேரும். புதுப் பவளத்தை ஒட்டுண்ணி நீக்கும் டிப் மருந்தில் முக்கியபின் வாளியில் விழுந்து நெளிவதைக் கொட்டிவிடத் தோன்றும். நெருப்புப்புழுவோ யூனிசிடோ இல்லை என்று தெரிந்தால், பிழைத்திருக்கும் ஒன்றிரண்டைச் சம்ப்பில் விடுங்கள்.

வராவிட்டால், நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். போன மாதம் சிங்கப்பூரின் தோபாயோ பகுதியிலிருந்து ஒரு தம்பி வந்தார், புதுத் தொட்டி, ஆறு மாதம், ஒரு புழுகூட இல்லை. சம்ப்பின் அடியில் கிடந்த கைப்பிடி பாறைச் சில்லுகளை மூடியுள்ள டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தேன். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், சில்லுகளுக்கிடையே இளஞ்சிவப்பு நூல் ஒன்று நெளிவதைக் கண்டு, "இதுதானாண்ணே?" என்றார். இதுதான் என்றேன். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே எம்ஆர்டி ரயிலில் போனார்.